விற்காத பன்னைக் கொடுத்தால் கேஸ் ஆகுமா?

உங்கள் தெருமுனை பேக்கரியில் ராத்திரி கடை சாத்தும்போது பன், பஃப்ஸ், கேக் என்று ஒரு பெரிய கறுப்புப் பை நிறைய குப்பைக்குப் போவதைப் பார்த்திருக்கிறீர்கள். பக்கத்தில் இருக்கிற ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கொடுக்கலாமே என்று கேட்டதற்கு, "கொடுத்தா கேஸ் ஆயிடும் சார்" என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்பது நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி. எழுதாமல் விட்ட கேள்வி ஒன்றும் அதற்குள் தெரிகிறது. சட்டம் தடுக்கவில்லை என்றால், தொழில் தெரிந்த, கை நிறைய மாவு பிசைந்து பிழைக்கிற மனிதர்கள் ஏன் சாப்பாட்டைக் கொட்டுகிறார்கள்? முதல் கேள்விக்குச் சீக்கிரம் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குத்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

பல வருடம் கேட்டரிங் சமையற்கூடங்களில் வேலை பார்த்தவன் நான். இப்போது ஹோட்டல், பேக்கரி ஊழியர்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பயிற்சி நடத்துகிறேன். கல்யாண மண்டபங்களில் மிஞ்சுவதை இல்லங்களுக்குக் கொண்டுசேர்க்கும் குழுக்களோடும் சேர்ந்து வேலை செய்கிறேன். வழக்கறிஞர் இல்லை. சட்டம் பற்றி நான் சொல்வது ஒரு கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அளவுதான். அதற்குமேல் போனால் வக்கீலைக் கேட்பதே சரி.

கொடுக்கக் கூடாது என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் இல்லை. இது உறுதி. எப்படிக் கொடுக்க வேண்டும் என்று தனி விதிமுறையே இருக்கிறது. உபரி உணவை மீட்டு விநியோகிப்பது பற்றி, மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2019இல் ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. 2020 ஜூலை முதல் அவை நடைமுறையில் இருக்கின்றன. கொடுக்கிற கடைக்கும், வாங்கி விநியோகிக்கிற அமைப்புக்கும் தனித்தனியே பொறுப்பு சொல்லியிருக்கிறார்கள். சமைத்த உணவு என்றால் அது என்ன, எங்கே செய்தது, எப்போது செய்தது, சைவமா அசைவமா என்ற விவரம் அதன்மேல் இருக்க வேண்டும். எவ்வளவு வந்தது, யாருக்குப் போனது என்று பதிவேடு வேண்டும். விநியோகிக்கிற அமைப்பு பதிவு பெற்றிருக்க வேண்டும். கோயில் விழாவிலும் பொது நிகழ்ச்சியிலும் உணவு விநியோகிப்பவர்களைக்கூட எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம விதிகள் சிறு உணவு வணிகர் கணக்கில்தான் சேர்க்கின்றன. அன்னதானக் குழுக்கள் பலவற்றுக்கு இது தெரியாது.

ஆனால் அந்த பேக்கரிக்காரர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. 2006ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டம் உணவு வணிகம் என்பதை "லாபத்துக்காக நடந்தாலும் இல்லாவிட்டாலும்" என்ற பொருளில்தான் வரையறுக்கிறது. ஆகவே "சும்மாதானே கொடுத்தேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் குறைந்தது 7 வருடம் சிறை, ஆயுள் தண்டனை வரை போகலாம். அபராதம் 10 லட்சத்துக்குக் குறையாது. அமெரிக்காவில் 1996இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். நல்லெண்ணத்தோடு உணவு தானம் செய்தவர்மேல், படு அலட்சியமோ வேண்டுமென்றே செய்த தீங்கோ இல்லாத வரையில், வழக்குப் போட்டு நஷ்டஈடு வாங்க முடியாது என்று அது சொல்கிறது. அவ்வளவு விரிவான பாதுகாப்பைத் தரும் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. கடைக்காரரின் பயத்துக்கு வேர் அங்கேதான்.

அந்தப் பயம் எந்த அளவுக்கு நியாயம் என்பதில் எனக்கு இருப்பது கணிப்புதான். நல்ல எண்ணத்தில் கொடுத்ததற்காக ஒரு கடைமேல் வழக்கு வந்ததை நான் நேரில் பார்த்ததில்லை. நான் பார்க்கவில்லை என்பது ஆதாரமாகாது என்பதும் தெரியும். செய்த நேரம் எழுதி, பதிவுபெற்ற அமைப்பிடம் கொடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்கிற கடைக்காரருக்கு ஆபத்து மிகக் குறைவு என்பது என் எண்ணம். மிஞ்சியதைப் பையில் கட்டி, யாரோ எடுத்துக்கொள்ளட்டும் என்று நடைபாதையில் வைத்துவிட்டுப் போகிறவருக்குத்தான் ஆபத்து அதிகம். வினோதம் என்னவென்றால், பயப்படுகிற கடைக்காரர்கள் மனசு இளகிக் கொடுக்கும்போது பெரும்பாலும் இரண்டாவது வழியில்தான் கொடுக்கிறார்கள்.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜி.எஸ்.டி. சட்டத்தில், அழித்த பொருளுக்கும் உள்ளீட்டு வரி வரவு (சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது, இலவசமாகக் கொடுத்த பொருளுக்கும் கிடையாது. வருமான வரியில் நன்கொடைக் கழிவு பணமாகக் கொடுத்தால்தான் கிடைக்கும், பண்டமாகக் கொடுத்தால் கிடைக்காது. அதாவது கொட்டினாலும் கொடுத்தாலும் கணக்கு ஒன்றுதான், கொடுத்தால் வண்டிச் செலவு வேறு. பிரான்சில் 2016இல் போட்ட சட்டத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பேரங்காடிகள் மிஞ்சிய நல்ல உணவை அழிக்கக் கூடாது, ஏதாவது ஒரு தொண்டு அமைப்போடு ஒப்பந்தம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அது. அதைச் சொல்கிறவர்கள், அங்கே கொடுத்த பொருளின் மதிப்பில் 60 சதவீதம் வரை வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பதைச் சொல்வதில்லை. கட்டாயமும் சலுகையும் சேர்ந்துதான் அங்கே வேலை செய்கின்றன. நம் ஊரில் "பிரான்ஸ் மாதிரி சட்டம் வேண்டும்" என்று கேட்கும்போது பாதியை மட்டும் கேட்கிறோம்.

இனி நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வி. முதலில் ஏன் மிஞ்சுகிறது? பேக்கரியில் ராத்திரி ஒன்பது மணிக்கும் ஷோகேஸ் நிறைந்திருக்க வேண்டும். மூன்று பஃப்ஸ் மட்டும் இருக்கிற தட்டிலிருந்து யாரும் வாங்க மாட்டார்கள். காலையில் போட்டது என்று நினைப்பார்கள். அதனால் மாலை ஏழு மணிக்கு இன்னொரு ட்ரே உள்ளே போகிறது, அதில் பாதி விற்காது என்று தெரிந்தே போகிறது. மண்டபத்தில் வேறு கணக்கு. ஐந்நூறு இலைக்கு ஆர்டர் என்றால் மாஸ்டர் ஐம்பது இலைக்காவது கூட்டித்தான் உலை வைப்பார். கடைசிப் பந்தியில் பொரியல் தீர்ந்துபோனால் பெண் வீட்டுக்கு வருகிற பேச்சு காலத்துக்கும் நிற்கும். மிஞ்சினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இந்த பயம் இருக்கிற வரை மிஞ்சத்தான் செய்யும்.

மிஞ்சியதை ஊழியர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகவாவது விடலாமே என்று கேட்டால் முதலாளிகள் தயங்குகிறார்கள். விட்டால் வேண்டுமென்றே கூடுதலாகப் போடுவார்கள் என்ற சந்தேகம். வாசலில் வைத்துக் கொடுத்தால், நாளை வாங்குகிறவர்களும் பத்து மணி வரை காத்திருப்பார்கள் என்ற கவலை. கொடுத்த சரக்கு எங்கேயாவது மறுபடி விலைக்கு வரும், கெட்டுப்போனால் நம் பெயர் கெடும் என்ற பயம். இதில் சந்தேகத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பயத்தை ஒப்புக்கொள்வேன்.

இவையெல்லாவற்றையும்விடப் பெரிய தடை நேரம். அதை வெளியில் இருப்பவர்கள் உணர்வதே இல்லை. ரிசப்ஷன் சாப்பாடு மாலை ஆறு மணிக்குத் தயாராகிவிடும். பந்தி முடிந்து, இனி யாரும் வர மாட்டார்கள் என்று உறுதியாவது பத்தரை, பதினொன்று. அப்போதுதான் பெண்ணின் சித்தப்பாவோ மாமாவோ சமையலறைக்கு வந்து, "ஏம்ப்பா, இது இவ்வளவு கெடக்குதே, எங்கயாச்சும் குடுத்துருங்க" என்பார். சாதம் சமைத்து ஐந்து மணி நேரம் ஆகியிருக்கும். அண்டாவை மூடி வைத்திருப்பார்கள். மேலே ஆறியிருக்கும், கரண்டியை நடுவில் விட்டுப் பார்த்தால் கைக்கு இதமான சூடு இருக்கும். அந்த இதமான சூடுதான் ஆபத்து. 60 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்க இருந்தால் கிருமி வளராது, 5 டிகிரிக்குக் கீழே குளிரில் இருந்தாலும் அநேகமாக வளராது. இடைப்பட்டதில்தான் வளர்கிறது. சமைத்த உணவை வெளிச்சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

சமையல்காரர்கள் சாதத்தை விரலில் எடுத்து நசுக்கிப் பார்த்து, நூல் விடவில்லை, ஊசிப்போகவில்லை, கொடுக்கலாம் என்பார்கள். நாற்பது வருட அனுபவம் உள்ள மாஸ்டர்களும் அதைத்தான் நம்புகிறார்கள். நூல் விட்டால் கெட்டுவிட்டது என்பது சரி. நூல் விடாததால் நல்லது என்பது சரியில்லை. அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. அதன் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சாதம் இளஞ்சூட்டில் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சுக்கு வாசனை இல்லை, ருசி இல்லை. முக்கியமாக, மறுபடி சுட வைத்தாலும் போகாது. "நல்லா கொதிக்க வெச்சுக் குடுங்க" என்று சொல்லிக் கொடுத்தனுப்புவதில் அர்த்தமில்லாமல் போவது இதனால்தான். கெட்டியான குருமா, மட்டன் குழம்பு, பிரியாணி போன்றவற்றில் வேறு கிருமி இதே இளஞ்சூட்டில் வளரும். வசதியுள்ள ஒருவர் இதைச் சாப்பிட்டு நான்கு தடவை வாந்தி எடுத்தால் மறுநாள் எழுந்துவிடுவார். எழுபது வயதில், சர்க்கரையோடும் மெலிந்த உடம்போடும் இல்லத்தில் இருக்கிறவருக்கு அது ஆஸ்பத்திரி. கொடுக்கிற சாப்பாடு விற்கிற சாப்பாட்டைவிட ஒரு படி கவனமாக இருக்க வேண்டும் என்று பயிற்சியில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். இரக்கம் இருந்தால் போதும், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது இந்த ஒரு விஷயத்தில் உதவாது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கடைசிப் பந்தி முடியும் வரை காத்திருக்காமல், எட்டரை மணிக்கே தலையை எண்ணி, தொடாத அண்டா ஒன்றை முழுசாக ஒதுக்கிவிடலாம். ஒதுக்கியதை இரண்டு மூன்று அங்குல ஆழமுள்ள தட்டுகளில் பரப்பி ஆற வைத்துக் குளிரில் வைக்க வேண்டும். இல்லையென்றால் கொதிக்கக் கொதிக்க ஹாட்பாக்ஸில் அடைத்து ஒன்பது மணிக்குள் சாப்பிடுகிறவர் கையில் சேர்க்க வேண்டும். கோவையில் 2014இல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்', அதே வருடம் டெல்லியில் தொடங்கிய 'ராபின் ஹூட் ஆர்மி' போன்ற அமைப்புகள் மிஞ்சுவதை எடுத்துப் போய்ச் சேர்க்கும் வேலையைச் செய்துவருகின்றன. மண்டபம் பேசும்போதே, பந்தல்காரரிடமும் பூக்காரரிடமும் சொல்வதுபோல இப்படிப்பட்டவர்களிடமும் தேதியைச் சொல்லிவைத்தால் பாதிப் பிரச்சனை தீரும். ராத்திரி பதினொன்றரைக்கு போன் செய்துவிட்டு, "யாரும் எடுக்கவே இல்லை, தொண்டு நிறுவனமெல்லாம் பேருக்குத்தான்" என்று கோபப்படுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அந்தக் குழுவில் இருப்பது காலையில் வேலைக்குப் போக வேண்டிய பையன்களும் பெண்களும்தான்.

வாங்குகிற இடத்தின் நிலைமையையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான இல்லங்களில் ஏழரை எட்டுக்குள் சாப்பாடு முடிந்து, ஒன்பதுக்கு விளக்கு அணைந்துவிடும். பிறந்தநாள், திதி, கல்யாண நாள் என்று ஒருவேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுகிறவர்கள் வருடம் முழுக்க உண்டு. அதிலும் ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்டி, செவ்வாய்க்கிழமைக்கு ஆள் இல்லை. வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் ஒரே ராத்திரி மூன்று மண்டபத்திலிருந்து பிரியாணி வரும். ஆடியிலும் மார்கழியிலும் ஒன்றும் வராது. சமைத்து முடித்த பிறகு வெளியிலிருந்து நாற்பது கிலோ வந்தால், இல்லத்தில் சமைத்தது வீணாகும். குப்பை இடம் மாறியதுதான் மிச்சம். 2022 அக்டோபரில் திருப்பூர் அருகே ஒரு காப்பகத்தில் உணவு நஞ்சாகி மூன்று சிறுவர்கள் இறந்தார்கள். அப்படி ஒன்று நடந்த பிறகு, முன்பின் தெரியாதவர் கொண்டுவரும் பொட்டலத்தை வாங்க ஒரு நிர்வாகி தயங்கினால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

எவ்வளவு வீணாகிறது என்ற எண்ணிக்கையில் ஜாக்கிரதையாக இருங்கள். "இந்தியாவில் 40 சதவீத உணவு குப்பைக்குப் போகிறது" என்று சுற்றிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். வயலில் அழுகும் தக்காளியையும் மண்டபத்து வடையையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கும் பேச்சு அது. ஓரளவு நம்பிப் பேசக்கூடியது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை. 2022இல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணானதாக அது கணக்கிடுகிறது. அதில் வீடுகளின் பங்கு 60 சதவீதம், ஹோட்டல் மற்றும் கேட்டரிங் 28, கடைகள் 12. பல நாடுகளில் நேரடிக் கணக்கெடுப்பு இல்லாததால் மற்ற நாட்டு எண்களைக் கொண்டு மதிப்பிட்டிருக்கிறார்கள் என்று அந்த அறிக்கையே சொல்கிறது. ஆகவே சதவீதத்தைப் பிடித்துத் தொங்க வேண்டாம். சமைத்து விற்கிற இடத்தில் வீணாவது, அடுக்கி விற்கிற இடத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்ற போக்கு மட்டும் நான் கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

உங்கள் பேக்கரிக்கு வருகிறேன். உண்மையில் பேக்கரிதான் சுலபமான இடம். வெறும் பன், பிரெட், ரஸ்க், பிஸ்கட், க்ரீம் இல்லாத கேக் இவற்றில் ஈரம் குறைவு, மறுநாள் காலை வரை ஒன்றும் ஆகாது. ராத்திரி பத்தரைக்கு யாரும் அலைய வேண்டாம். மூடிய ட்ரேயில் வைத்து, காலை ஏழு மணிக்கு எடுத்தால் போதும். க்ரீம் கேக், முட்டை பஃப்ஸ், சிக்கன் ரோல், மயோனைஸ் தடவிய எதுவும் இந்தக் கணக்கில் வராது. இவை பகல் முழுக்க ஷோகேஸில் இருந்திருந்தால் யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது; குப்பைக்குப் போவதே சரி. வெஜ் பஃப்ஸில் உள்ளே இருப்பது வேகவைத்த உருளைக்கிழங்கு மசாலா என்பதால் அதையும் நான் ஒதுக்கிவிடுவேன், சில பயிற்சியாளர்கள் ஒதுக்க மாட்டார்கள். பாக்கெட்டில் அடைத்ததில் காலாவதி தேதி தாண்டியதைத் தொடாதீர்கள். பாக்கெட் இல்லாமல் விற்கும் இனிப்புகளுக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதிவைக்க 2020 அக்டோபரிலிருந்து கட்டாயம். கடையில் அந்த அட்டை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் உங்கள் வேலை சுலபம்.

ஒன்றைக் கூடவே யோசியுங்கள். குழந்தைகள் இல்லத்துக்குத் தினமும் பன் போனால் அது மைதாவும் சர்க்கரையும்தான். முதியோர் இல்லத்தில் பாதிப் பேருக்கு அது ஆகாது. வாரம் இரண்டு நாள் போதும். மற்ற நாளுக்கு, மாலையில் மார்க்கெட்டில் விலை போகாமல் நிற்கும் பூசணி, வெண்டை, கீரை இவற்றைக் கேட்டு வாங்கிக் கொடுத்தால் இல்லத்துச் சமையலறைக்கு அதைவிட உதவி கிடையாது. சமைக்காத பொருளில் மேலே சொன்ன நேரச் சிக்கல் அநேகமாக இல்லை. சென்னை பெசன்ட் நகரில் 2017இல் 'ஐயமிட்டு உண்' என்ற பெயரில் தொடங்கியது போன்ற பொதுக் குளிர்பெட்டியை உங்கள் பகுதியிலும் வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். தினமும் திறந்து பார்த்து, பழையதை எடுத்துப் போட ஒருவர் பொறுப்பேற்றால் வையுங்கள். ஆள் இல்லையென்றால் வேண்டாம்.

பேக்கரிக்குப் போகும்போது முதலாளியிடம் "ஏன் கொட்டுகிறீர்கள்" என்று தொடங்காதீர்கள், அவர் சட்டத்துக்குள் ஒளிந்துகொள்வார். முதலில் இல்லத்துக்குப் போய் எந்த நாள், என்ன பொருள், எத்தனை பேருக்கு வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இல்லமோ எடுத்துப் போகிற அமைப்போ பதிவு பெற்றதா என்று பாருங்கள். பிறகு கடைக்காரரிடம், "செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்கு நான் வருகிறேன், பன்னும் பிரெட்டும் மட்டும், உங்கள் நோட்டில் கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லுங்கள். நோட்டில் தேதி, பொருள், எண்ணிக்கை, செய்த நாள், வாங்கியவர் பெயர் என்று ஐந்து கட்டம் போதும். மாதம் முடிந்ததும் அந்த நோட்டை மாஸ்டரோடு உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கிழமை எது எத்தனை மிஞ்சுகிறது என்பது அதில் வரிசையாக இருக்கும். மாலை ஏழு மணி ட்ரேயில் எத்தனை குறைக்கலாம் என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.